இசைவாக்கமும் இசைவும்: பங்களாதேஷின் நீரை மூன்று படைப்புகளில் வாசித்தல்

காலநிலை மாற்றம் பற்றிய அரச ஆவணங்களிலும் பாடப்புத்தகங்களிலும் 'இசைவாக்கம்' என்ற சொல் இப்போது நிலைத்துவிட்டது. கடல் மட்டம் உயரும், வயலில் உப்பு ஏறும், புயல் பலங்கொள்ளும். மனிதர்கள் அதற்கேற்ப வீட்டையும் விதையையும் தொழிலையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் அதற்குள்ளே இன்னொரு சொல்லும் இருக்கிறது: இசைவு. இசைவு என்றால் சம்மதம். மாறச் சொல்லப்படுகிறவர்களிடம் அந்தச் சம்மதத்தை யார் கேட்டார்கள்? அவர்கள் 'இல்லை' என்று சொன்னால் அதற்கு என்ன பெறுமதி? திட்ட ஆவணங்கள் இக்கேள்வியை மெல்லத் தாண்டிப் போகின்றன. இலக்கியம் அதிலேயே நின்றுகொள்கிறது என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

இதற்குப் பங்களாதேஷை எடுத்துக்கொள்கிறேன். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்று பேராறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆன தாழ்நிலம் அது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் அந்நாட்டின் பங்கு அரை வீதத்துக்கும் குறைவு. ஆனால் காலநிலை மாற்றத்தின் அடி முதலில் விழுகிற நாடுகளில் அதுவும் ஒன்று.

"கடல் வந்தா எழும்பிப் போக வேண்டியதுதானே, இதில இலக்கியத்துக்கு என்ன வேலை?" என்று ஒருவர் கேட்கலாம். அமிதவ் கோஷ் 2016இல் வெளியிட்ட 'த கிரேட் டிரேஞ்ச்மென்ட்' நூலில் வேறொரு பக்கத்திலிருந்து இதைக் கேட்டார். நவீன நாவல் தனிமனிதனின் அகத்தையே சுற்றி வந்ததால், பருவநிலையின் பேரழிவுகளை அதனால் உள்வாங்க முடியாமல் போனது என்பது அவர் வாதம். பத்மா நதி திசை மாறியதால் ஊரிழந்த குடும்பம் ஒன்றின் வழித்தோன்றல் அவர். அவருடைய கவலை உண்மையானது. ஆனாலும் வங்காளத்து எழுத்தைப் பொறுத்தவரை இந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. 'காலநிலை மாற்றம்' என்ற பெயர் வருவதற்கு முன்பே அங்கு தண்ணீரைப் பற்றியும், தண்ணீரை ஆள்பவர்களைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. மூன்று படைப்புகளை எடுத்துப் பார்ப்போம்.

மழையை ஆளும் பெண்கள்

முதலாவது பேகம் ரொகேயா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு'. ரொகேயா 1880இல் இன்றைய பங்களாதேஷின் ரங்பூர்ப் பகுதியில் பைராபந்த் கிராமத்தில் பிறந்தவர். முஸ்லிம் பெண் கல்விக்காக வாழ்நாளைச் செலவிட்டவர். இந்தச் சிறுகதையை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். 1905இல் அது வெளியானது மெட்ராஸிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மகஸின்' என்ற இதழில். ஆசிரியர் கமலா சத்தியநாதன். வங்கத்து முஸ்லிம் பெண்ணொருவரின் கற்பனை நாடு தமிழ் மண்ணிலேதான் முதலில் அச்சேறியது என்பதை நம்மில் பலர் அறியோம்.

கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒன்றில், வானத்திலிருந்து நேராக நீரை இழுத்தெடுக்கும் பலூனைக் கண்டுபிடிக்கிறார்கள். தேவையான நீரை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால் வெள்ளமும் இல்லை, வரட்சியும் இல்லை. மற்றதில் சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவி உருவாகிறது. அதனால் அடுப்படியில் புகை இல்லை. வீட்டுச் சூரிய மின்தொகுதிகள் நாற்பது இலட்சத்துக்கு மேல் பொருத்தப்பட்ட இன்றைய பங்களாதேஷை நினைத்தால், ரொகேயா எதிர்காலத்தைக் கண்டுவிட்டார் என்று மெச்சத் தோன்றும். பலரும் அப்படித்தான் மெச்சுகிறார்கள். நான் அதோடு நின்றுகொள்ள விரும்பவில்லை.

கதையில் கூர்மையான இடம் வேறு. அடைபட்ட ஆண்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிப்போய் முணுமுணுப்பதையும் விட்டுவிட்டார்கள் என்று போகிறபோக்கில் ஒரு செய்தி வருகிறது. சிரிப்பு மூட்டுகிற இடம். ஆனால் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்: பெண்கள் பர்தாவுக்குள் 'பழகிப்போனார்கள்' என்பதைத்தானே அவர் சொல்கிறார்? ஒருவர் ஒரு நிலைமைக்குப் பழகிவிட்டார் என்பதால் அதற்கு இசைந்தார் என்று ஆகாது. 1905இலேயே ரொகேயா இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்.

இன்று கரையோரப் பெண்களின் 'தாங்குதிறன்' பற்றிப் புகழ்ந்து எழுதப்படும் அறிக்கைகளை வாசிக்கும்போது எனக்கு இந்த இடம் நினைவுக்கு வருகிறது. நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு கிலோமீற்றர் கணக்கில் நடக்கிற பெண்ணைத் தாங்குதிறன் மிக்கவள் என்கிறோம். அவ நடக்காம வேற என்ன செய்ற? 1991 ஏப்ரல் 29ஆம் திகதி சிற்றகொங் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,40,000 பேர் மௌத்தானார்கள்; அவர்களில் பெண்களின் விகிதம் ஆண்களினதைவிடப் பன்மடங்கு அதிகம். கணவன் வராமல் வீட்டைவிட்டு வெளிக்கிடத் தயங்கியது, ஆண்களோடு ஒரே புகலிடத்தில் நிற்கக் கூச்சப்பட்டது, கையில் பிள்ளைகள், காலைச் சுற்றும் சேலை என்று காரணங்கள் பிறகு ஆராயப்பட்டன. புயலுக்கு முன்பே அவர்கள் வேறொன்றுக்குப் 'பழகி' இருந்தார்கள். அந்தப் பழக்கமே அவர்களைக் கொன்றது.

கதையின் குறையையும் சொல்ல வேண்டும். ரொகேயாவின் நாட்டில் அறிவு மேலிருந்து இறங்குகிறது. ராணி இருக்கிறார், விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். வயலில் இறங்கும் குடியானவப் பெண் கண்ணில் படுவதில்லை. பலூனின் குழாயை எந்த ஊருக்கு முதலில் திறப்பது என்று எவரும் சண்டை பிடிப்பதில்லை. தண்ணீர் உள்ள எந்த ஊரில் அப்படி நடக்கும்?

தீவுக்கு ஆள் சேர்க்கிறவர்

இரண்டாவது படைப்பு, மாணிக் பந்தோபாத்யாய 1936இல் நூலாக வெளியிட்ட 'பத்மா நதீர் மாஜீ', அதாவது பத்மா நதியின் படகோட்டி. இதை நான் ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே வாசித்தேன். கேதுபூர் என்ற மீனவக் கிராமத்தில் குபேர் என்ற ஏழை இருக்கிறான். பெயர் மட்டும்தான் குபேரன். அந்த ஊருக்குள் வந்துபோகிறவர் ஹொசைன் மியா. நவகாளிப் பக்கத்து ஆள். ஒன்றுமில்லாமல் வந்து பணக்காரரானவர். கடலுக்குள் மொய்னாதீவு என்ற ஆளில்லாத் தீவு அவருக்குச் சொந்தம். காட்டை வெட்டி அங்கே குடியேற்றம் அமைப்பதே அவருடைய ஆசை. புயலில் வீடிழந்தவன், கடனில் விழுந்தவன், வழக்கில் மாட்டியவன் என்று பார்த்துப் பார்த்து ஆள் சேர்க்கிறார். அவர் எவரையும் கட்டி இழுத்துக்கொண்டு போவதில்லை. உதவி செய்கிறார், கடன் கொடுக்கிறார், கூரை மேய்ந்து தருகிறார். கடைசியில் போவதற்கு வேறு இடம் இல்லாத நிலையில் ஆட்கள் தாங்களாகவே படகில் ஏறுகிறார்கள். அந்தத் தீவில் மனைவி மக்களைப் பறிகொடுத்துத் தப்பி வந்த ராசு சொல்லும் கதையைக் கேட்ட பிறகும் ஏறுகிறார்கள். திருட்டுப் பழி விழுந்த குபேரும் ஏறுகிறான்.

இந்நாவலை வர்க்கப் பார்வையில் வாசித்தவர்கள் ஹொசைன் மியாவைச் சுரண்டல்காரர் என்றார்கள்; வேறு சிலர் புதிய சமுதாயம் கட்டக் கனவு கண்டவர் என்றார்கள். இரண்டுக்கும் நாவலில் இடம் உண்டு, அதுதான் மாணிக்கின் பலம். எனக்கு முக்கியமாகப் படுவது, 'சுயவிருப்பம்' என்ற சொல்லை அவர் சோதித்துப் பார்க்கும் விதம். வேறு வழி எல்லாம் அடைக்கப்பட்ட பிறகு ஒருவன் 'சரி' என்று தலையாட்டினால் அதை இசைவு என்று எழுதலாமா?

இக்கேள்வி பழையதாகிவிடவில்லை. நவகாளி மாவட்டத்துக் கடலில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்டல் மேலெழுந்து உண்டான தீவு பாசன் சார். அங்கே ஓர் இலட்சம் ரோஹிங்யா அகதிகளைக் குடியமர்த்தவென பங்களாதேஷ் அரசு வீடுகளும் மண்கட்டும் கட்டி, 2020 டிசம்பரிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனது. விரும்பியவர்களே போனார்கள் என்றது அரசு. மனித உரிமை அமைப்புகள் அந்த விருப்பத்தின் தன்மையைக் கேள்விக்குட்படுத்தின. பத்து இலட்சம் அகதிகளைத் தாங்கிய ஓர் ஏழை நாட்டை இதற்காக மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. மியன்மாரிலிருந்து விரட்டியவர்களின் குற்றம் முதலாவது. ஆனால் கொக்ஸ் பசாரின் நெரிசல் முகாமா, கடலுக்கு நடுவில் ஒரு வீடா என்று கேட்டால், அந்தத் தெரிவு குபேருக்குக் கிடைத்த தெரிவை ஒத்தது. அந்த ஒப்புமையை 1936இன் நாவல் நமக்குத் தருகிறது. 'மீள்குடியேற்றம்' என்ற நிர்வாகச் சொல் தராது. ரொகேயாவின் ராணியும் அடைக்கலம் தேடி வந்தவர்களைத் திருப்பிக் கொடுக்க மறுத்துத்தான் போரையே சந்திக்கிறார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம்.

மண்கட்டின் மேல் ஒரு ஊர்

மூன்றாவது ஓர் ஆவணப்படம்: கமார் அஹ்மத் சைமனின் 'ஷுன்தே கி பாவ்' (2012). 'கேட்கிறதா?' என்று பொருள். 2013இல் பாரிஸில் நடந்த 'சினமா து ரியேல்' விழாவில் பெரும்பரிசு பெற்றது. 2009 மே 25ஆம் திகதி அய்லா புயல் குல்னா மாவட்டத்தின் டாகோப் பகுதியில் மண்கட்டை உடைத்தது. உப்பு நீர் வயலுக்குள் வந்தது, போகவில்லை. சுதார்காலி என்ற கிராமத்து மக்கள், எஞ்சிய மண்கட்டின் மேலேயே குடிசை போட்டு வாழ்கிறார்கள். விளக்கம் சொல்லும் பின்னணிக் குரல் கிடையாது. நிவாரணம், பிள்ளைகளின் படிப்பு, புருஷன் பெண்சாதிக்கிடையில் பிணக்கு, தேநீர்க்கடைக் கதை என்று நாட்கள் நகர்கின்றன. முடிவில் ஊரே சேறு சுமந்து, உடைந்த கட்டை மறுபடி கட்டுகிறது. அழுகுரலுக்குக் கெமராவைக் கிட்டக் கொண்டுபோகாத படம் இது. அந்த மரியாதைக்காகவே அது நிற்கும்.

இப்படத்தைப் பார்ப்பவர் அதன் பின்னணியைத் தானாகத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த மண்கட்டு எப்போது வந்தது? முன்னாளில் இக்கரையில் 'அஷ்ட மாசி' எனப்பட்ட எட்டு மாதக் கட்டுகள் இருந்தன. உப்பு நீர் வரும் காலத்துக்கு மட்டும் கட்டி, மழைக்காலத்தில் திறந்துவிடுவார்கள். ஆற்று வண்டல் வயலில் படிந்து நிலம் உயரும். 1960களில், கிழக்குப் பாகிஸ்தான் காலத்தில், வெளிநாட்டு உதவியோடு நிரந்தரக் கட்டுகள் எழுப்பப்பட்டன. ஒல்லாந்து மாதிரியில் அமைந்ததால் 'பொல்டர்' என்ற ஒல்லாந்துப் பெயரே அவற்றுக்கு நிலைத்தது; மொத்தம் 139. ஆரம்பத்தில் விளைச்சல் கூடியது. பிறகு வண்டல் உள்ளே வர வழியின்றி ஆற்றிலேயே படிந்து ஆறு மேடானது; உள்ளே இருந்த நிலம் அமிழ்ந்தது. சுதார்காலி அமைந்திருக்கும் 32ஆம் இலக்கப் பொல்டரின் உள்நிலம், பக்கத்துச் சுந்தரவனக் காட்டுத் தரையைவிட ஒன்று முதல் ஒன்றரை மீற்றர் வரை தாழ்ந்துபோனதாக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். காத்த கட்டே கிண்ணமாக மாறிவிட்டது. கிண்ணம் உடைந்தபோது தண்ணீர் நின்றுவிட்டது. அய்லாவின் கொடுமைக்குக் காலநிலை மாற்றம் மட்டும் காரணமல்ல. ஒரு பழைய 'அபிவிருத்தி'யும் காரணம்.

இன்னொரு காரணம் இறால். பெரும் பணக்காரர்கள் கட்டைத் துளைத்து உப்பு நீரை உள்ளே எடுத்து, நெல் வயலை இறால் வாடியாக்கினார்கள். 22ஆம் இலக்கப் பொல்டரில் இதை எதிர்த்து ஊர்வலத்தின் முன்னால் நின்ற கருணாமயி சர்தார் என்ற காணியற்ற பெண், 1990 நவம்பர் 7ஆம் திகதி ஹரின்கோலாவில் கொல்லப்பட்டார். அந்தப் பொல்டருக்குள் இறால் நுழையவில்லை. இன்றும் அங்கே அவரை நினைவுகூருகிறார்கள். 'இல்லை' என்று சொல்வதற்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவுமில்லை. வயல்கள் வருடக்கணக்கில் வெள்ளத்தில் கிடந்தபோது, டகாதியா தாழ்நிலத்தில் 1990இலும் பைனா தாழ்நிலத்தில் 1997இலும் அவர்களே திரண்டு கட்டை வெட்டினார்கள். வற்று வெள்ளம் உள்ளே வந்து போனது, வண்டல் படிந்தது, ஆறு ஆழமானது. முதலில் சட்டவிரோதம் எனப்பட்ட இம்முறையை நிபுணர்கள் பிறகு ஆராய்ந்து, 'வற்றுப்பெருக்கு ஆற்று முகாமைத்துவம்' என்று பெயரிட்டு அரச திட்டத்தில் சேர்த்தார்கள். அரச கைக்குப் போன பிறகு, காணியை நீருக்குக் கொடுத்தவர்களுக்கு நட்டஈடு ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்து, சில இடங்களில் மக்களே எதிர்த்து நின்றார்கள். ஊரே இசைந்து செய்தபோது வெற்றிகண்ட அதே வேலை, இசைவு தளர்ந்தபோது இடறியது.

திட்டம் என்ற பிரதி

இம்மூன்றையும் வாசித்த கண்ணோடு அரச திட்டங்களையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். 2018 செப்டெம்பரில் ஒல்லாந்தின் உதவியோடு ஏற்கப்பட்ட 'டெல்டா திட்டம் 2100' நூறாண்டுப் பார்வை கொண்டது. 2030க்குள் முடிக்க 80 கருத்திட்டங்களை வரிசைப்படுத்தியது. 2023 முதல் 2050 வரைக்குமான தேசிய இசைவாக்கத் திட்டம் 113 நடவடிக்கைகளுக்கு 230 பில்லியன் டொலர் தேவை என்கிறது. இவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நூறாண்டு தாண்டி யோசிக்கும் துணிவு நம் பிராந்தியத்தில் அரிது. இந்நாட்டின் உண்மையான சாதனையும் கண்முன்னே இருக்கிறது: 1970 போலா புயலில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்த கரையில், 2007இன் சித்ர் புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400. ஓர் உயிரும் சிறிதல்ல. ஆனால் இந்த வீழ்ச்சி சாதாரணமானதல்ல. செம்பிறைச் சங்கமும் அரசும் சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய தொண்டர் அமைப்பு அதற்கு முக்கிய காரணம். கொடியையும் ஒலிபெருக்கியையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்கள் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள். இன்று அத்தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள். ரொகேயா கண்டால் மகிழ்வார்.

என் விமர்சனம் திட்டங்களின் இலக்கணத்தைப் பற்றியது. 'பயனாளிகள்', 'பாதிப்புறத்தக்க சமூகங்கள்', 'பங்காளர்கள்' என்ற சொற்களுக்குப் பின்னால் எல்லா வினைகளும் செயப்பாட்டில் வருகின்றன: பாதுகாக்கப்படுவர், பயிற்றப்படுவர், இடமாற்றப்படுவர். கலந்தாலோசனைகள் நடந்தன என்றும் எழுதியிருக்கும், நடந்தும் இருக்கும். ஆனால் கலந்தாலோசித்த பின் ஓர் ஊர் 'வேண்டாம்' என்றால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த இலக்கணத்தில் வாக்கியம் இல்லை. நிக்காஹ்வுக்கு மண்டபம், சாப்பாடு, சீர் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் பொம்பளப் புள்ளையிட்ட ஒரு வார்த்தை கேட்கிற மாதிரி. அவள் அந்த நேரத்தில் என்ன சொல்லுவாள்?

நிலைபேறான அபிவிருத்தி என்பதற்கு நான் இங்கிருந்து ஒரு விளக்கம் பெறுகிறேன். பணம் தீர்ந்து, நிபுணர் ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கட்டைப் பராமரிக்க ஊரார் தாங்களாகவே மண்வெட்டி எடுப்பார்களா? எடுப்பார்கள் என்றால் அது நிலைபெறும். சைமனின் படத்தில் சேறு சுமக்கும் கைகள் அந்தக் கட்டைத் தங்களுடையது என்று எண்ணுகின்றன. அந்த எண்ணத்தை எந்த டொலரும் வாங்கித் தராது.

இது நமக்குத் தூரத்து விஷயமல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றர் தடைவலயம் என்று ஒரு கோடு போடப்பட்டபோது, காணி நெருக்கடி மிக்க நம் கரையோர ஊர்கள் பட்டபாட்டை வாசகர்கள் அறிவார்கள். உயிரைக் காக்கும் நோக்கம்தான். கடலை நம்பி வாழ்கிறவனிடம் கேட்டுப் போட்ட கோடா அது? அதே நேரம், கேட்டுச் செய்யும் முறையும் நமக்குப் புதிதல்ல. வயல் விதைப்புக்கு முன் ஆரம்பக் கூட்டம் கூடி, துருசை எப்போ திறக்கிற, எந்த வட்டைக்கு எவ்வளவு தண்ணி என்று வாய்த்தர்க்கம் பட்டு முடிவெடுத்து, அதைப் பார்த்துக்கொள்ள வட்டவிதானையைத் தெரிவுசெய்கிற வழக்கம் அம்பாறையில் இன்றும் இருக்கிறது. அக்கூட்டத்தில் சத்தம் இருக்கும், சச்சரவும் இருக்கும். பெண்கள் குறைவாகவே இருப்பார்கள். அந்தக் குறையை ரொகேயாவிடமிருந்து நாம் கற்றுத் திருத்த வேண்டும். ஆனாலும் அங்கே 'வேண்டாம்' என்று எழும்பி நின்று சொல்லலாம், சொன்னால் திகதி மாறும்.

நம் கரைக்கும் பெரிய திட்டங்கள் வரும், வரத்தான் வேண்டும். வரும்போது எத்தனை பில்லியன் என்று பார்ப்பதற்கு முன், துருசின் திறப்பு யாருடைய கையில் இருக்கப்போகிறது என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். அந்தப் பக்கம் இல்லையென்றால், அதை எழுதித் தரும்படி கேட்பதிலிருந்து நம் இசைவாக்கம் தொடங்கட்டும்.